கல்வராயன் மலைக்காட்சியும் முதலாழ்வார்கள் ஏற்றிய விளக்கும்

மலையும் அருவியும் பாறையும் காண்பதற்கென்றே பயணம் மேற்கொள்ளுதல் இக்காலத்தில் பெருகியுள்ளது. திருக்கோவலூரில் தேஹளீசனை ஸேவித்தவர்களில் சிலர், கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலைக்கும் ஏறிச் செல்கின்றனர். இங்கே ஒரு ஸந்தேஹம் எழும். பகவத் விஷயத்தில் ஈடுபட்ட கண்ணை ஒரு மலைக்காட்சியில் செலுத்துதல் விஷயாந்தர ப்ராவண்யம் ஆகாதோ? அன்றி, அக்காட்சிக்கும் ஆழ்வார்கள் காட்டியருளிய வழி ஒன்று உண்டோ? இதற்கான விடை, முதலாழ்வார்கள் மூவரும் கூடிய அந்த நாட்டிலேயே கிடைக்கிறது.

முதலில் மலையின் இயல்பை அறிதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கெல்லையில், கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கல்வராயன் நிற்கிறது. வடபகுதியைச் சின்ன கல்வராயன் என்றும், அதனினும் உயர்ந்த தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இம்மலையில் தோன்றிக் கிழக்கே இறங்குகின்றன. மலையின் உடலாயிருப்பது சார்னோகைட் என்னும் கரும்பச்சை நிறங்கலந்த கடும்பாறை. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருவாகிய இப்பாறைக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது கூறுவர். மேலே மூடியிருந்த அடுக்குகள் மழையாலும் காற்றாலும் தேய்ந்து நீங்கிய பின்னரே இது கண்ணுக்குப் புலனாயிற்று. மலைக்கு வடக்கே, நந்திமலைப் பகுதியில் தோன்றிய தென்பெண்ணை சாத்தனூர் வழியாக ஓடித் திருக்கோவலூரை அடைகிறது. சங்ககாலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட இவ்வூர், ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டில் ஒன்று.

இனி, மலையைக் காணும் முறை. திருவாய்மொழி நான்காம் பத்தின் நான்காம் திருமொழியில், பராங்குசநாயகியின் நிலையை அவளது திருத்தாயார் எடுத்துரைக்கிறாள். மகள் மண்ணைத் தடவி, இது வாமனனுக்கு உரிய மண் என்கிறாள். ஓங்கி நிற்கும் மலையைக் கண்டு, நெடுமாலை விளித்து அழைக்கிறாள். நல்ல மழை கண்டால், நாராயணனே வந்துவிட்டதாக எண்ணிக் களிக்கிறாள். பிரிவாற்றாமையால், எம்பெருமானோடு ஒப்புமையுடைய பொருள்களையும் ஸம்பந்தமுடைய பொருள்களையும் அவனாகவே கொள்கிறாள் என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாஹம். மண்ணுக்கு உள்ளது ஸம்பந்தம். அவன் திருவடி அதனை அளந்தது. மலைக்கு உள்ளது ஸாத்ருச்யம். அவனைப்போல் அதுவும் நெடிதாய் நிற்கிறது. ஆகவே குறை மலையில் இல்லை. மலையோடே நின்றுவிடும் பார்வையில்தான் உள்ளது. கல்வராயன் திவ்யதேசம் அன்று. திருமலையோடும் திருமாலிருஞ்சோலையோடும் அதனை ஒக்க வைத்தலும் தகாது. ஆயினும் உலகளந்தபோது திருவடி படாத நிலம் ஏது? தாழ்ந்தார் உயர்ந்தார் என்னும் வாசி பாராமல் எல்லார் தலையிலும் பட்ட திருவடி, காட்டையும் கல்லையும் விலக்கிற்றில்லை.

இதனை மேலும் தெளிவிப்பது இடைகழி வ்ருத்தாந்தம். மழையும் இருளுமான இரவில், ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள இடைகழியில் ஆழ்வார்கள் மூவரும் கூடினர். நான்காமவனாக ஒருவன் புகுந்து நெருக்கினான். அவனை அறிய, பொய்கையாழ்வார் பூமியை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், உருகும் சிந்தையைத் திரியாகவும் கொண்டு வேறொரு விளக்கேற்றினார். பேயாழ்வார் பிராட்டியோடு கூடிய பெருமானைக் கண்டார். முதலில் ஜ்ஞானமாய்த் தோன்றியது இரண்டாவதில் பக்தியாய்க் கனிந்து, மூன்றாவதில் ஸாக்ஷாத்காரமாய் முதிர்ந்தது என்று வ்யாக்யாதாக்கள் காட்டியருளுவர்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பொய்கையார் உலகத்தை விலக்கிவிட்டு விளக்கேற்றவில்லை, உலகத்தையே விளக்காக்கினார். பாறையின் வயதையும் ஆற்றின் போக்கையும் கூறும் பூமிசாஸ்த்ரம், அந்த அகலின் பெருமையைச் சிறிது அறிவிப்பதாகும். 250 கோடி ஆண்டு என்று கேட்டு நெஞ்சு திகைக்குமாயின், அதனை ஓரடிக்குள் அடக்கியவனது பெருமை எத்தகையது என்று அத்திகைப்பு மேலே செல்லல் வேண்டும். அவ்வாறு செல்லாதவனிடம் அகல் உண்டு, சுடர் இல்லை. காட்சி அன்பாய் உருகும்போதே இரண்டாம் விளக்கு ஏறும்.

நிலத்தின் இயல்பை அறிதல் ஸ்தோத்ரத்தின் சுவையை அறிதற்கும் உதவும். வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதியில், எம்பெருமானைப் பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாகவும், மூவரும் நெருக்கியதனால் பெருகிய சாற்றைத் திவ்யப்ரபந்தமாகவும் அனுபவிக்கிறார். இது வெறும் கவிஸமயம் அன்று. இன்றும் இந்நாடு கரும்பு விளையும் நாடு. பெண்ணையை அடுத்த மூங்கில்துறைப்பட்டிலும் கல்வராயன் அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் உள்ளன. ஆலையில் நெரியும் கரும்பைக் கண்டவனுக்கு, இடைகழி நெருக்கத்தின் இனிமை உரையின்றியே விளங்கும்.

மலைமேல் வாழும் மலையாளி மக்களிடத்தும் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தவர் என்றும், கரியராமர் என்னும் பெருமாளும் அவர்களோடு எழுந்தருளினார் என்றும் அவர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். ஆதலால் அம்மலையை வெறுங்காடு என்றும், அங்குள்ளாரைக் காட்சிப்பொருள் என்றும் கருதிச் செல்லுதல் பாகவதாபசாரத்துக்கு இடமாகும். அருவிநீரை மாசுபடுத்துதலும் அவன் அளந்த மண்ணுக்குச் செய்யும் குற்றமே.

ஆகவே மலைகாணச் செல்லுதல் விலக்கன்று. கண் மலையிலே நிற்குமாயின் அது விஷயாந்தரம். மலை நெடுமாலை நினைப்பூட்டுமாயின் அது பகவதனுபவம். திருக்கோவலூரை ஸேவித்து, இடைகழியில் ஏற்றப்பெற்ற விளக்கை நெஞ்சிற்கொண்டு மலையேறுபவனுக்குக் கல்வராயனும் அவன் திருவடி பட்ட நிலமாகவே தோன்றும்.