உதைபந்துக் கழகமும் வியாபார விளம்பரமும்

உள்ளூர் உதைபந்தாட்டக் கழகமொன்று நுழைவுக் கட்டணத்தை மாத்திரம் நம்பி நிலைத்தல் அரிது. ஆதலின், மைதானத்தைச் சூழ்ந்த பலகைகளிலும் ஆட்டக்காரரின் சட்டைகளிலும் வியாபாரிகளின் பெயரைப் பொறித்துப் பொருள் பெறுதல் வழக்கமாயிற்று.

இங்கிலாந்து தேசத்துக் கெட்டரிங் டவுன் கழகம், 1976-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆம் நாள் பாத் நகரக் கழகத்தாருடன் ஆடியபோது, 'கெட்டரிங் டயர்ஸ்' என்னும் உள்ளூர் வியாபாரத்தாரின் பெயரைச் சட்டையில் தரித்தது. பிரித்தானியாவில் இவ்வாறு செய்த முதற் கழகம் இதுவே. உதைபந்துச் சங்கத்தார் அதனை நீக்குமாறு கட்டளையிட, கழகத்தார் 'டயர்ஸ்' என்பதன் முதலெழுத்தை மாத்திரம் நிறுத்தி, அது 'டவுன்' என்பதன் குறியே என வாதித்தனர்! 1,000 பவுன் அபராதம் நேருமென்று சங்கத்தார் எச்சரிக்கவே, அவ்வெழுத்தும் மறைந்தது. ஆயினும், 1977-இல் சங்கமே சட்டை விளம்பரத்தை அனுமதித்தது.

வியாபாரி இதனால் அடைவது ஊராரின் நல்லெண்ணம். கழகமோ, பொருளீவோனின் பெயரைத் தாங்கலாமன்றித் தன் பெயரை இழத்தலாகாது.