குளிரை உண்டாக்கும் பெட்டியா?

சன்னலில் பொருத்தப்படும் ஏர்கண்டிஷனர் அறைக்குள் குளிரை அனுப்புகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அதுவன்று. அந்தப் பெட்டி குளிர் எதையும் உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கிணற்று நீரை மேலேற்றும் பம்பு செட்டைப் போல, இது வெப்பத்தை இறைக்கும் பொறி. இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால் அதைக் கையாளும் முறையும் தானே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்றிருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ளவற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது; ஆவி மீண்டும் திரவமாகும்போது அவ்வெப்பத்தை வெளிவிடுகிறது.

பெட்டியின் முன்பாதி அறைக்குள்ளும் பின்பாதி வெளியிலும் இருக்கும். இரு பாதியிலும் ஒவ்வொரு குழாய்ச்சுருள் உண்டு. குழாய்க்குள் குளிர்பதனப் பொருளொன்று ஓயாமல் சுற்றுகிறது. முன்சுருளில் அது ஆவியாகி அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அவ்வாவியை அழுத்த, அதன் வெப்பநிலை வெளிக்காற்றினும் மிகுதியாகிறது. அதனாலேயே வெளியில் 40 டிகிரி வெயில் அடித்தாலும் பின்சுருள் வெப்பத்தை வெளியே விட முடிகிறது. வெப்பத்தை இழந்து திரவமான பொருள், நுண்குழாய் ஒன்றின் வழியே செல்கையில் அழுத்தம் குறைந்து குளிர்ந்து, மறுபடியும் முன்சுருளை அடைகிறது.

குளிர்ந்த முன்சுருளில் காற்றின் ஈரமும் நீராகப் படிந்து வடிகிறது. கடற்கரை ஊர்களின் புழுக்கம் தணிவது இதனாலேதான். 1902-இல் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இத்தகைய அமைப்பை வகுத்தது மனிதர் சுகத்திற்காக அன்று. புரூக்ளினிலிருந்த அச்சகமொன்றில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிசகியதைத் தடுப்பதற்காக!

'ஒரு டன் ஏ.சி.' என்பது பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை, அதே நேரத்தில் அகற்றும் திறனையே அது குறிக்கும். இது சுமார் 3.5 கிலோவாட் ஆகும். இதற்குச் செலவாகும் மின்சாரமோ ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் இது.

இனி, பயன்படுத்தும் முறையைக் காண்போம். கதவு திறந்திருந்தால் வெளிவெப்பத்தையும் சேர்த்து இறைக்க நேரும். பின்புறத்தை அடைத்த தாழ்வாரத்தில் வைத்தால், கொட்டிய வெப்பம் அங்கேயே தேங்கிப் பொறி திணறும். வடிநீர் அறைக்குள் வராதபடி பெட்டி வெளிப்புறம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். காற்று வடிகட்டியை இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவுதல் நலம். நிறுத்தியவுடன் மீண்டும் ஓட்டாமல் மூன்று நிமிடமாவது பொறுத்தால் கம்ப்ரஸர் பிழைக்கும். அறைக்காற்றே திரும்பத் திரும்பச் சுழல்வதால், அவ்வப்போது சன்னலைத் திறந்து புதுக்காற்றை விடுதல் வேண்டும்.

ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் கொண்ட பெட்டியில் 16 டிகிரி வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது வீண் நம்பிக்கை. வேகம் கூடுவதில்லை, ஓடும் நேரமே கூடுகிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைப்பதாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 சனவரி முதல் நம் நாட்டு அறை ஏ.சி.க்கள் தொடக்க அளவாக 24 டிகிரியில் அமைக்கப்பட்டு வருவதும் இதனாலேதான். மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் 26 டிகிரியே போதுமானதாகும்.

மற்றொன்றும் நாம் நினைக்கத்தக்கது. நம் அறையின் வெப்பம் மறைந்து போவதில்லை. பொறி உண்ட மின்சாரமும் வெப்பமாகி அதனுடன் சேர்ந்து, சன்னலுக்கு அப்பால் சந்தில் நடப்பவர் மீதும் அடுத்த வீட்டார் மீதும் வீசுகிறது. நாம் பெறும் சுகத்தின் சுமையை வெளியிலிருப்போர் சுமக்கிறார்கள். ஆகவே திரையிட்டும், மேற்கு வெயிலைத் தட்டியால் மறைத்தும், சன்னலோரம் மரம் வளர்த்தும் வெப்பத்தை முதலில் தடுப்போம். உள்ளே வராத வெப்பத்தை வெளியே இறைக்க வேண்டியதில்லை அன்றோ!