பாட்டை எப்படி எழுதி வைப்பது?

தாமிரபரணி ஆறு எங்கே கடலில் கலக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? தூத்துக்குடி மாவட்டம், புன்னக்காயலில்! வள்ளங்கள் வரிசையாக நிற்கும் மீனவர் ஊர். 1586-ஆம் ஆண்டில், அக்பர் ஆண்ட காலத்தில், 'அடியார் வரலாறு' என்ற பெரிய தமிழ்ப் புத்தகம் இந்த ஊரில்தான் அச்சானது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதை எழுதியவர் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார்.

கதையை அச்சிட்டாயிற்று. பாட்டை அச்சிட முடியுமா? "ஏன் முடியாது, வரிகளை அச்சடித்தால் போச்சு" என்பீர்கள். சரி, நீங்கள் கேட்டே இராத ஒரு பாட்டின் வரிகளை மட்டும் ஒருவர் தாளில் எழுதிக் கொடுக்கிறார். பாடுங்கள் பார்க்கலாம்! மெட்டு தெரியாமல் விழிப்பீர்கள்.

அந்தக் காலத்தில் குரு பாடுவார்; சீடர் திரும்பப் பாடுவார். எல்லாம் காதும் மனப்பாடமும்தான். குரு மறைந்து, சீடரும் மறந்துவிட்டால் அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

இந்தக் கவலை ஒருவரை வாட்டியது. அவர் சின்னசாமி முதலியார். பாடல்களை மேல்நாட்டு இசைக் குறிகளில் எழுதி, 1890-களில் சென்னையில் அச்சிட்டு வந்தார். ஓயாத உழைப்பில் அவருடைய கண் பார்வையே கெட்டுப்போனது. முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைத் தேடியபோது அவர் கண்ணில் பட்ட ஊர் எட்டயபுரம். ஆமாம், பாரதியார் பிறந்த அதே ஊர்! புன்னக்காயல் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் அதுவும் இருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானது எட்டயபுரத்தில். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரண்மனை வித்துவான். தம்பியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அவரைத் தத்தெடுத்து இசை சொல்லிக் கொடுத்தார். குடும்பச் சொத்தான பாடல்கள் எல்லாம் அவர் நினைவில் இருந்தன. சின்னசாமி முதலியார் வேண்டினார், எட்டயபுரம் மன்னரும் ஆதரவு தந்தார். அறுபது வயதைத் தாண்டிய சுப்பராம தீட்சிதர் உட்கார்ந்து எழுதினார்.

1904-இல் எட்டயபுரத்திலேயே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சாகி வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் பாடல்கள் மட்டுமே 200-க்கும் மேல்! அது தெலுங்கு எழுத்தில் இருந்தது. பிறகு சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் ஐந்து பாகங்களாகத் தமிழில் கொண்டு வந்தது. சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார். இரண்டு வருடம் தாமதித்திருந்தால்... நினைக்கவே பகீரென்கிறது, இல்லையா?

அதெல்லாம் சரி, மெட்டை எப்படி எழுதுகிறார்கள்? ரொம்ப சுலபம். ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏழு சுரங்கள். எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. (மெய்யெழுத்து என்று நினைத்து 'ச்' என்று வாசித்துவிடாதீர்கள்!) அடியில் புள்ளி வைத்தால் கீழ் ஸ்தாயி. காற்புள்ளி வந்தால் ஓர் எண்ணிக்கை இழுக்க வேண்டும், அரைப்புள்ளிக்கு இரண்டு.

ஆதி தாளம் போடத் தெரியுமா? ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு; தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. சுரங்கள் ஏழுதானே? மேல் 'ச'வையும் சேர்த்தால் எட்டு! 'ச ரி க ம | ப த | நி ச' என்று பாடினால் சரியாகப் பொருந்தும். பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லித் தரும் சரளி வரிசை இதுதான். இதை வகுத்தவர் புரந்தரதாசர் என்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். நம் இசையில் சுரம் நேராக நிற்காது. ஊஞ்சல் மாதிரி அசையும். அதற்குக் 'கமகம்' என்று பெயர். சுப்பராம தீட்சிதர் ஒவ்வோர் அசைவுக்கும் தனிக் குறி போட்டார். நடுங்கும் சுரத்துக்கு அலை மாதிரி ஒரு கோடு! இருந்தாலும் எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதை ஆசிரியர் பாடிக் காட்டினால்தான் பிடிபடும். நீச்சலைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாதே, அப்படித்தான்.

அந்த ஆசிரியருக்கு எங்கே போவது? தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு. 12 வயதானால் சேரலாம்.

இன்னும் 12 ஆகவில்லையா? நாளைக் காலை பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கவனியுங்கள். மோகன ராகத்தில் அமைந்த பாட்டு அது. அந்த ராகத்தில் ஐந்தே சுரங்கள். ம, நி இரண்டும் கிடையாது. தாளம் மூன்று மூன்றாகப் போகும். வாய் பாடட்டும், விரல் எண்ணட்டும். பக்கத்தில் நிற்கும் நண்பன் "என்னடா எண்ணுறே?" என்று கேட்டால், அவனுக்கும் சொல்லிக் கொடுங்கள்!