கியர்ப் பெட்டியின் ஆயுள்

கார் வாங்கும் பேச்சு வந்தால் வீட்டில் தவறாமல் ஒரு வழக்கு எழும். கையால் மாற்றும் கியர்தான் நெடுநாள் உழைக்கும் என்பார் ஒருவர். தானியங்கிக் கியரில் கிளட்சை மிதிக்கும் வேலையே இல்லையே, அதில் தேய என்ன இருக்கிறது என்பார் மற்றவர். யார் சொல்வது சரி? இயற்பியலைத் துணைக்கு அழைப்போம்.

எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. அதன் வேகம் நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். சக்கரமோ சுழி வேகத்திலிருந்து புறப்பட வேண்டும். சுழல்வதையும் நிற்பதையும் இணைக்கும்போது இடையில் ஏதாவது ஒன்று சிறிது நேரம் வழுக்கியே ஆக வேண்டும். வழுக்கினால் வெப்பம் பிறக்கும். பற்சக்கரங்கள் எண்ணெயில் நனைந்து சுழல்வதால் இரு வகையிலும் எளிதில் தேய்வதில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வெப்பமே.

கையால் மாற்றும் கியரில் வழுக்குவது கிளட்ச் தட்டு. 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தை அடைகிறது என்க. அதன் இயக்க ஆற்றல் 12,500 ஜூல். இதற்குள் கிளட்சில் எவ்வளவு வெப்பம் தோன்றியிருக்கும்? எஞ்சின் மாறா வேகத்தில் சுழல்கிறது. கிளட்சின் மறுபக்கமோ சுழியிலிருந்து சீராக ஏறி அந்த வேகத்தை எட்டுகிறது. எனவே மறுபக்கத்தின் சராசரி வேகம் எஞ்சின் வேகத்தில் பாதி. எஞ்சின் செய்த வேலையிலும் பாதிதான் காருக்குப் போகும். மறுபாதி, அதாவது இன்னொரு 12,500 ஜூல், வெப்பமாகிவிடும். 5 கிலோகிராம் இரும்பை இது 5 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடாக்கும். இது பெரிய தொல்லை அல்ல, ஓடும்போதே ஆறிவிடும்.

தொல்லை சரிவில் வருகிறது. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில், பிரேக்கைப் பிடிக்காமல் ஆஃப் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. கார் நகரவில்லை, ஆகவே கிளட்சுக்கு வரும் ஆற்றல் அத்தனையும் வெப்பம்தான். எஞ்சின் 1500 சுற்றில் ஓடினால் இது சுமார் 3 கிலோவாட் இருக்கும். 1 கிலோவாட் மின்னடுப்பு மூன்றை அந்தச் சிறிய கூட்டுக்குள் வைத்தது போல! ஒருவரிடம் பல ஆண்டுகள் உழைக்கும் தட்டு இன்னொருவரிடம் சில மாதங்களில் கருகுவது இதனால்தான். ஆனால் தேய்ந்த தட்டை மட்டும் மாற்றிவிடலாம். கியர்ப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

இனி தானியங்கி. ஓடும் மின்விசிறிக்கு எதிரே இன்னொன்றை, மின்சாரம் தராமல் வையுங்கள். காற்று பட்டு அதுவும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து இந்த வித்தையைச் செய்தவர் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர். 1905இல் காப்புரிமை கோரினார். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய ஹைட்ரமேட்டிக் இம்முறையில் அமைந்ததே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்-5 இலகு டாங்கிகளிலும் அது ஓடியது. ஆகவே தானியங்கி என்றாலே மென்மையான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

திரவம் வழுக்கினால் தேயாது. ஆனால் சூடாகும். சூடான எண்ணெயைக் குழாய் வழியே குளிர்விப்பானுக்கு அனுப்பி ஆற்றுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், விசையைக் கடத்தும் அதே எண்ணெய்தான் உள்ளேயுள்ள பல கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது, உராய்வையும் குறைக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற தோராய விதி இங்கும் பொருந்தும். எண்ணெய் கெட்டால் அழுத்தம் தளரும், தட்டுகள் வழுக்கும், இன்னும் சூடேறும். அதன்பின் ஒரு தட்டை மாற்றித் தப்ப முடியாது. பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். செலவும் கையைச் சுடும்.

ஆகவே அந்த வழக்கில் என் தீர்ப்பு இது: ஒன்றின் ஆயுள் ஓட்டுநரின் காலில், மற்றதன் ஆயுள் எண்ணெயில். சில தயாரிப்பாளர்கள் "ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. தானியங்கி எண்ணெய்கள் பலவற்றுக்குச் சிவப்புச் சாயம் சேர்ப்பார்கள். அளவுக் கம்பியை வெளியே இழுத்துப் பார்த்தால், சிவப்பு மாறிக் கரும்பழுப்பாகிக் கருகல் நாற்றம் அடிப்பது, நெடுநாள் சூட்டில் வெந்ததற்கு அடையாளம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் அந்தக் கம்பியையே வைப்பதில்லை.