குடவோலையும் தாழ்குரற் கிதாரும்

விடுதி மாணவர் மாலைப்பொழுதிற் கூடியிருந்து ஆடும் சொல் விளையாட்டுகளுள் ஒன்று கனவுக் குழு அமைத்தல். உலகத்து ராக் இசைவாணர் அனைவருள்ளும் தமக்கு உவந்தாரைத் தேர்ந்து, நால்வரோ ஐவரோ கொண்ட ஒரு குழுவை மனத்தகத்தே கட்டுவதே அவ்விளையாட்டு. பாடுவார் யார், முதற் கிதார் வாசிப்பார் யார், முழவு கொட்டுவார் யார் என்னுமிடங்களிற் பூசல் மிகும். பாஸ் கிதார் என்னும் தாழ்குரற் கருவிக்கு உரியாரைத் தேருமிடத்து மட்டும், ‘யாராயினும் ஆகுக’ என்று கைவிட்டு உணவிற்கு எழுந்துவிடுவர். அங்ஙனம் கைவிடத்தக்க இடம் அஃதன்று என்பதையும், அதற்கு உரியாரைத் தேரும் நெறி யாது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாஸ் கிதார் என்பது பெரும்பாலும் நான்கு நரம்புகளை உடையது. கிதாரின் தடித்த நான்கு நரம்புகளுக்கு உரிய சுரங்களையே ஒரு தாயி கீழிறக்கி இதனிற் கூட்டுவர். இதன் தடித்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். முன்னர் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பிடிலே இத்தொழிலைச் செய்துவந்தது. 1951-இல் அமெரிக்க நாட்டு லியோ பெண்டர் என்பார், தோளில் தொங்கவிட்டு வாசிக்கத்தக்க மின்சாரக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் பின்னரே ராக் குழுக்களில் இதற்கு நிலையான இடம் உண்டாயிற்று. தாழ்ந்த ஒலியின் அருமை நம்மவர் அறியாததன்று. மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது அவ்வொலியைத் தாழ்த்தற்கேயன்றோ?

இக்கருவி செய்யும் தொழில் இரண்டு. ஒன்று, முழவின் அடியோடு ஒட்டி நின்று தாளத்திற்கு உடல் தருதல். மற்றொன்று, மேலே ஒலிக்கும் சுரங்களுக்குப் பொருள் தருதல். பின்னதனை ஆலயத்து ஆர்மோனியத்திலேயே எவரும் சோதித்தறியலாம். வலக்கையால் ச, க, ப என்னும் மூன்றனையும் சங்கராபரண சுரத்தானங்களில் ஒருங்கே பிடித்துக்கொண்டு, இடக்கையால் கீழே சட்சத்தைத் தொடுக. நிறைவும் மகிழ்வும் தோன்றும். வலக்கையை அசைக்காமல் இடக்கை விரலை மட்டும் மந்தர தைவதத்திற்கு மாற்றுக. அம்மூன்று சுரங்களே ஏக்கம் உடையனவாய் மாறிவிடும். மேலே ஒன்றும் மாறவில்லை. அடி மாறியது, அனைத்தும் மாறியது. ஞாயிறுதோறும் பாமாலை கேட்பவர், பாடற்குழுவின் கடைவரிசையில் நிற்கும் கட்டைக் குரலோர் வாராத நாளிற் பாட்டு மெலிந்துபோவதை உணர்ந்திருப்பர். உள்ளபோது நினையப்படாததும், இல்லாதபோது உணரப்படுவதுமே அடிக்குரலின் இயல்பு.

இத்தகைய இடத்திற்கு ஆளைத் தேர்வது எங்ஙனம்? தேர்தல் நெறிக்கு எம் ஊராகிய உத்தரமேரூர்க்காரர் வேற்றூர் செல்லவேண்டுவதில்லை. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனது 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 921-இல் வெட்டப்பெற்ற கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை விளங்க உரைக்கின்றது. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிப்பர். ஆயின் எல்லார் பெயரும் குடம்புகாது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடைமை, சொந்த மனையில் வீடுடைமை, கல்வி, முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குட்பட்ட அகவை ஆகியன வேண்டும். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். முதலில் தகுதி, பின்னரே ஓலை என்பது இதன் சாரம். அது நான்மறையாளர் சபையாதலின் பெண்டிர்க்கும் பிறர்க்கும் அக்குடத்தில் இடமில்லாதிருந்தது என்பதையும் மறைத்தல் தகாது. எமது குடத்திற்கு அக்குறை வேண்டா.

இசைக்குரிய தகுதியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிற் காணலாம். மாதவியின் ஆடலுக்குத் துணைநிற்கும் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் இன்னின்ன வன்மை வேண்டுமென்று இளங்கோவடிகள் வகுத்துரைக்கின்றார். அவர் தண்ணுமையைத் தாழ்ந்த குரலுடையது என்றே அடைகொடுத்துச் சொல்வதும், தண்ணுமையாசிரியன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அளவறிந்தவனாதல் வேண்டும் என்பதும் எம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவன. இவ்விரு நூற்றுணையும் கொண்டு யாம் வகுத்த தகுதிகள் மூன்று: தனக்கெனச் சொந்த நிலம் போன்றதொரு வாசிப்பு நெறி, நிரப்பலும் அடக்கலும் அறிந்த அளவு, தான் தொட்ட ஒவ்வொரு சுரத்திற்கும் பாட்டின்முன் கணக்குக் காட்டும் நேர்மை.

இனி ஓலைகளை நோக்குவோம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிப் விலகியபின் பாஸ் கிதாரை ஏற்றவர். 1969-இல் வெளிவந்த ‘சம்திங்’ என்னும் பாட்டில் அவர் நரம்பு, பாடுவார் குரலுக்குக் கீழே மற்றொரு பாட்டாகவே நடக்கின்றது. ஆயினும் அவர் தலைமைப் பாடகருமாவார். தாழ்குரலுக்கெனவே அவரை நிறுத்துவது யானையை நீரிறைக்கக் கட்டுவதை ஒக்கும். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 1965-இல் ‘மை ஜெனரேஷன்’ பாட்டின் நடுவே தனித்து வாசித்து உலகை வியப்பித்தார். வன்மையில் அவர்க்கு நிகரில்லை. ஆயின் பிறர் மிகையை அடக்கவேண்டியவர் தாமே மிகுதலும் உண்டு. டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிலையத்தில் ஒற்றைச் சுட்டுவிரலால் எண்ணிறந்த பாடல்களுக்கு உயிரூட்டிய ஜேம்ஸ் ஜேமர்சன், இத்துறையில் பலர்க்கும் ஆசான். ராக் குழுவிற்கு உரியவரல்லர் என்பதொன்றே அவர் ஓலையை எம்மைத் தயங்கவைப்பது. நம் நாட்டினரும் குடத்தில் உளர். இளையராசாவின் இசைக்குழுவிற் சசிதரன், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்கு வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ், மும்பையிற் பிறந்து ரகுமானின் மேடைகளிலும் வாசித்துப் புகழ்பெற்ற மோகினி டே ஆகியோர் ஓலைகளை எவர் விலக்கவல்லார்? இவருள் எவர் பெயர் வரினும் குழு நிலைபெறும்.

ஆயினும் ஒருவரையே கூறுக என்று தோழர் வற்புறுத்தலின், லெட் செப்பெலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் என்பாரைக் கூறுகின்றோம். 1946-இற் பிறந்த இவர், பதினான்காம் அகவையிலேயே ஓர் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடற்குழுத் தலைவராகவும் இருந்தார். பின்னர் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களிற் பிறர் பாட்டுகளுக்கு ஊதியத்திற்கு வாசித்துப் பயின்று, 1968-இல் அக்குழுவிற் சேர்ந்தார். குழுவின் மற்றை மூவரும் இடியும் மின்னலும் போன்றவர். அவரிடையே இவர் வேண்டுமிடத்து நிரப்பினார், வேண்டாவிடத்து ஒதுங்கினார். 1970-இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில், ஒரு பாட்டிற்குக் கைகளால் ஆர்கன் வாசித்துக்கொண்டே காற்கட்டைகளை மிதித்துத் தாழ்குரலையும் தாமே தந்தார். 1980-இல் முழவு வாசித்த ஜான் போனம் இறந்தபின், எஞ்சிய மூவரும் குழுவைத் தொடராது விட்டனர். எம் ஊர்க் கல்வெட்டின்படி பார்த்தால், குழுவிற் சேர்ந்தபோது இருபத்திரண்டே நிரம்பிய ஜோன்ஸ் அகவை போதாதவர். இன்றோ எழுபதைக் கடந்தவர். இவர்பொருட்டு அவ்விதியொன்றைத் தளர்த்தியதற்குச் சபையோர் பொறுப்பாராக.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். மோடவுன் இசைத்தட்டுகளில் நெடுங்காலம் வாசித்தார் பெயர் அச்சிடப்படவில்லை. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வெளிவந்தபோதே அவ்வுறையில் ஜேமர்சன் பெயர் இடம்பெற்றது. அதற்குமுன் அவர் வாசிப்பைக் கேட்டு ஆடியவர் இலக்கக் கணக்கினர். அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலர். நம் நாட்டில் ரகுமான் தம் இசைப்பேழைகளில் வாசித்தார் பெயர்களை அச்சிட்டு வந்தமை பாராட்டற்குரியது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் எம்மனம் பெரிதும் ஈடுபடுமிடமும் இதுவே. சிறுவன் எடுத்த ஓலையை, ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று மத்தியஸ்தன் வாசிக்கவேண்டும். பின்னர் அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசிக்கவேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும். தேர்தலிற் கள்ளம் புகாமைக்கு விதித்தது அது. எனினும் ஊர்க்கு உழைக்கப் புகுவான் ஒருவன் பெயர் ஊரார் செவியில் ஒலித்தல் வேண்டும் என்னும் அறமும் அதனுள் அடங்கும்.

ஆதலின் அன்பர்காள், கனவுக் குழு அமைக்குங்கால் தாழ்குரலோனைக் கடையிற் கைவிடாது முதலில் தேர்மின். தேர்ந்தபின் அவன் பெயரை உரக்க வாசிமின்.