கால்நடை நோயும் நாட்டுச் சட்டமும்

தமிழில் மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. அச்செல்வத்தைக் களவினுங் கொடிதாகக் கவர்ந்து சென்றது வெக்கை நோய். தொழுவத்தில் அது புகுந்தாற் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலுந் தோன்றிச் சில நாட்களில் மாடுகள் மடியும். ஏர் நின்றுபோம், ஏர் நின்ற வீட்டில் அடுப்பும் நின்றுபோம்.

தன் மாட்டைத் தானே பேணிக்கொள்ள ஒருவனுக்குத் தெரியாதோ, இதில் அரசாங்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். நோய் வேலியை அறியாது என்பதே விடை. 1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய மாடுகள் இடைவழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு வெக்கையும் அந்நாட்டில் இறங்கிற்று. அத்தீங்கைக் கண்டு அஞ்சிய 28 நாடுகள் 1924-இல் பாரிஸ் நகரில் உடன்படிக்கை செய்து, விலங்கு நோய்களைக் குறித்து ஒன்றுக்கொன்று அறிவித்தற்பொருட்டு ஓர் அனைத்துலகக் கழகத்தை நிறுவின.

நம் நாட்டில் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954-இல் தொடங்கிற்று. ஊர்தோறும் தடுப்பூசி இட்டனர். நோய் மறைந்திருந்த இடங்களைத் தேடிக் கண்டனர். 1995-க்குப் பின் அந்நோய் இங்குக் காணப்படவில்லை. 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகம் முழுதும் அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது.

ஆயினும் கோமாரி, அடைப்பான், வெறிநோய் முதலியன இன்னும் உள. இவற்றுள் அடைப்பானும் வெறிநோயும் மனிதரையும் பற்றிக் கொல்வன. இத்தகைய நோய்களைத் தடுத்தற்கு 2009-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி, தன் மாட்டுக்குத் தொற்றுநோய் உண்டென ஐயுறுபவன் கிராம அதிகாரிக்கேனும் ஊராட்சிக்கேனும் தெரிவித்தல் வேண்டும். நோயுற்றதைப் பிரித்துக் கட்டுதல் வேண்டும். கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசாங்கம் அறிவித்த இடத்திலிருந்து மாடுகளை வெளியே ஓட்டிச் செல்லுதலும், அங்குச் சந்தை கூடுதலும் தடுக்கப்படும்.

இச்சட்டச் சங்கிலியின் முதற் கண்ணி உழவன் வாய்ச்சொல்லே. அவன் மறைத்தால் மற்றவை யாவும் பயனற்றன. மறைப்பவனைக் கயவன் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் கடன் தீர்க்க ஓரெருதை விற்க நினைப்பவனுக்கு, நோயைச் சொல்லுதல் விலையை இழத்தலாகும். சொல்லாமல் விற்றாலோ, அவ்வெருது செல்லும் ஊரெல்லாம் நோய் செல்லும்.

ஆகவே அச்சுறுத்தல் மட்டும் போதாது. உண்மை சொன்னவன் கெடான் என்னும் நம்பிக்கையை உழவர்க்கு உண்டாக்குதல் வேண்டும். கால்நடை மருத்துவர் அழைத்தவுடன் வருதல் வேண்டும். கிராமங்களிலிருந்து கல்வி கற்க வந்துள்ள நாம், விடுமுறையில் ஊர் சென்று, நோய் கண்ட செய்தி சந்தைக்கு முன் மருத்துவரை எட்டவேண்டும் என்பதை எடுத்துரைத்தல் நம்மால் இயலுந் தொண்டாகும்.