கிந்தாவைச் சொல்லும் பழுப்புக் கோடுகள்

ஈப்போ வட்டாரத்தின் பழைய நில அமைப்பு வரைபடம், ஒரு மைலை ஓர் அங்குலத்துக்குள் அடக்கியது. பின்னர் மெட்ரிக் முறைக்கு மாறியபோது 1 கிலோமீட்டர் 2 சென்டிமீட்டரானது. இரண்டிலும் உயிர்நாடி பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள்தாம். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒவ்வொரு கோடும் இணைக்கிறது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை.

தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைநீர் மண்ணை அரிக்காதிருக்க, மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் வளைத்துப் படி வெட்டி ரப்பர் கன்று நட்டார்கள். அந்தப் படியைத் தாளில் இறக்கினால் அதுவே சமஉயரக் கோடு.

இனி, ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கைப் பாருங்கள். கிழக்கே 2,183 மீட்டர் உயரக் கொர்பு சிகரத்தைத் தாங்கும் தித்திவங்சா தொடர். மேற்கே கிளேடாங் தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். அங்கே உருவான ஈயத் தாதுவை மழையும் ஆறுகளும் நெடுங்காலமாகக் கீழே கொண்டுவந்தன. தாது தண்ணீரைப்போல் சுமார் 7 மடங்கு கனமானது. மணல் 3 மடங்குகூட இல்லை. கோடுகள் விலகும் இடத்தில் ஆற்றின் வேகம் தணியும். கனமான தாது முதலில் படியும். அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறையின் பள்ளங்களும் அதைப் பிடித்து வைத்தன.

அதனால்தான் சுரங்கங்கள் மலையுச்சியில் இல்லாமல் கோப்பெங், கம்பார், பத்து காஜா சமவெளிகளில் பெருகின. வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் நீலப் புள்ளிகள் அந்தச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற ஈயக் குட்டைகள். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட மிதக்கும் தூர்வாரிக் கப்பல், தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்தபடி 1982 வரை தாது அள்ளியது. 1985இல் ஈய விலை சரிந்ததும் எஞ்சிய சுரங்கங்கள் பலவும் மூடப்பட்டன. ரப்பருக்கோ நீர் தேங்காத மென்சரிவு வேண்டும். ஆகவே தோட்டங்கள் மலையடிவாரத்தைப் பிடித்தன.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது ஓர் எச்சரிக்கை. 1973இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து, அடியிலிருந்த நீள்வீட்டில் சுமார் 40 பேர் மாண்டனர். அப்படிப்பட்ட குன்றின் காலடியில் வீடு கட்டுமுன் வரைபடத்தைப் பார்ப்பது உயிர் காக்கும்.

செயற்கைக்கோள் படம் இன்றுள்ள வீடமைப்பையும் செம்பனையையும் காட்டும். அங்கிருந்த தோட்டத்தின் பெயரைப் பழைய வரைபடமே சொல்லும். ஆனால் லயமும் கோயிலும் பள்ளியும் எங்கெங்கே இருந்தன என்பது பெரியவர்களின் நினைவில்தான் முழுமையாக இருக்கிறது. வரைபடத்தின் நகலை அவர்கள் முன் விரித்து, அந்த இடங்களைக் குறித்து வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.